பார்சல் வாங்க வந்தவர்களும் கவினின் மூச்சும்

காலை ஆறு மணி பத்து நிமிடம். திரைச்சீலையை விலக்கியதும் முதலில் கண்ணில் பட்டது கவினின் கழுத்து. கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில், இரண்டு எலும்புகளுக்கு நடுவே, ஒரு சின்னக் குழி விழுந்தது, நிமிர்ந்தது, மறுபடி விழுந்தது. ஒரு மிளகை வைத்தால் நிற்கும் அளவுக்கு ஆழம். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். விலா எலும்புகளுக்கு இடையிலும் தோல் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. அவன் அழவில்லை. ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மூச்சு விடுவது ஒரு வேலை என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

சுதாவை எழுப்பினேன்.

"ராத்திரி பால் குடிச்சானா?"

"எங்க குடிச்சான்? வாய வைக்கான், உடனே விட்டுருதான். மூக்கு அடைச்சிருக்குன்னு நெனச்சேன்."

டயப்பரைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அவள் துண்டுகளை எடுத்தாள். நான் பாஸ்போர்ட்டுகளையும் இன்சூரன்ஸ் அட்டைகளையும் எடுத்தேன்.

கவின் எங்கள் இரண்டாவது குழந்தை. அப்போது அவனுக்கு மூன்று மாதம் நிறையவில்லை. சுதாவுக்குத் தென்காசியில் தாய்வீட்டில் பிரசவம் ஆனது. குழந்தையோடு அவள் அஜ்மானுக்குத் திரும்பி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அவளோடு வந்த மூத்தவள் மகிழ், நாலு வயது, மறுபடி கே.ஜி.க்குப் போகத் தொடங்கியிருந்தாள். அவளுக்குத்தான் வீட்டில் முதலில் மூக்கு ஒழுகியது. இரண்டே நாளில் அவளுக்குச் சரியாகிவிட்டது. பிறகு தம்பி தும்மத் தொடங்கினான். அக்கா முடித்த இடத்தில் தம்பி ஆரம்பிக்கிறான் என்று சொல்லிச் சிரித்தோம். அது நடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

மகிழை எதிர் ஃப்ளாட் ஆலிஸ் சேச்சியிடம் விட்டோம். சேச்சி நைட்டியோடு கதவைத் திறந்து, குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போ, போ, மோளை நான் பாத்துக்கறேன்" என்று மகிழை உள்ளே இழுத்துக்கொண்டார். எதற்கு, என்ன என்று கேட்கவில்லை. அஜ்மானிலிருந்து துபாய்க்கு வேலைக்குப் போகும் வண்டிகள் ஒரு பக்கச் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. நாங்கள் போக வேண்டிய பக்கம் காலியாக இருந்தது.

அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் சூடான்காரர், நல்ல உயரம். ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால், கைகளைக் கட்டிக்கொண்டு, சட்டை கழற்றிய குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். சுதாவுக்கு அந்த நிற்றல் பொறுக்கவில்லை. "என்னங்க சும்மா பாத்துக்கிட்டே நிக்காரு?" என்று என் காதில் சொன்னாள். மூச்சை எண்ணுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு முழு நிமிடம் எண்ணினார். கைக்குழந்தைக்கு இருக்க வேண்டியதைவிட மிக வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கால் கட்டைவிரலில் சிவப்பு விளக்கு எரியும் பட்டை ஒன்றைச் சுற்றினார்கள். இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அது நூற்றுக்கு இத்தனை என்று காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் நல்லது. எண்பத்தொன்பது காட்டியது.

மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் குழாய் ஒட்டினார்கள். அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. ஆர்.எஸ்.வி.

பெயர்தான் புதிதாக இருந்தது. வைரஸ் மிகப் பழையது. ஊரில் எல்லோருக்கும் ஒருமுறையாவது வந்து போயிருக்கும் என்றார் மருத்துவர். பெரியவர்களுக்கு அது வெறும் சளி. பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு இரண்டு நாள் மூக்கொழுகல். கைக்குழந்தையின் நுரையீரலில் காற்று போகும் கடைசிக் குழாய்கள் நூல்போல மெல்லியவை. வைரஸ் அங்கே இறங்கினால் குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சளி அடைக்கிறது. உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் தவிக்கிறது. அதனால்தான் விலா உள்ளிழுக்கிறது, குழி விழுகிறது. பிராங்கியோலைட்டிஸ் என்று இதற்குப் பெயர். நியுமோனியா வேறு, இது வேறு.

"மருந்து?" என்றாள் சுதா.

இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இவனுக்குக் கொடுக்கிற மாதிரி எதுவும் இல்லை என்றார். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. ஆக்ஸிஜன் கொடுப்போம், மூக்கை உறிஞ்சிச் சுத்தம் செய்வோம், வயிற்றுக்குப் பால் போகப் பார்த்துக்கொள்வோம். மீதி வேலையை அவன் உடம்பே செய்யும். நோய் தொடங்கிய நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் மோசமாக இருக்கும். இன்று மூன்றாம் நாள். அதாவது இன்னும் ஏறும், பிறகு இறங்கும்.

இவ்வளவையும் சாலை விதி சொல்வதுபோல ஒரே குரலில் சொன்னார். அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது. ஏறி, பிறகு இறங்கும் என்று சொல்லப்பட்ட ஒன்றைக் காத்திருந்து பார்க்க முடியும்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். இரண்டு வாரத்தில் குழந்தையை யார் யார் தூக்கினார்கள்?

சுதா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

இங்கே வளைகுடாவில் வேலை செய்யும் எங்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் ஊரிலிருந்து வந்தாலும் அவர்கள் பெட்டியில் மற்றவர்களின் பார்சலும் வரும். ஒருவரின் அம்மா கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய், இன்னொருவருக்குக் கருவாடு, ஒருவருக்கு ஊரில் மட்டும் கிடைக்கும் மாத்திரை, ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி. வாங்கமாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. நாளைக்கு நம் பார்சலும் யாரோ ஒருவர் பெட்டியில்தான் வர வேண்டும். கைக்குழந்தைக்கு விமானத்தில் தனியாகக் கொஞ்சம் எடை அனுமதிக்கிறார்கள். கவினின் பங்கு எடையில் அவனுடைய இரண்டு துண்டுகளும் ஒரு கிலுகிலுப்பையும் போக மீதி முழுதும் ஊராருடைய அல்வாவும் மிளகாய் வற்றலும்தான். மொத்தம் ஒன்பது பார்சல்.

அதற்காக "யாரு வாரா யாரு போறா" என்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சுதா வந்து இறங்கிய தகவல் அதில் போன மறுநாளிலிருந்து வாசல்மணி அடித்துக்கொண்டே இருந்தது. பார்சல் வாங்க வருபவர் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போகமாட்டார். உள்ளே வருவார், டீ குடிப்பார், குழந்தையைத் தூக்குவார். பாதிப்பேர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஷார்ஜாவிலும் துபாயிலும் அறை எடுத்து இருப்பவர்கள். சொந்தக் குழந்தை பிறந்தபோது போனில் பார்த்தவர்கள். தூக்காதீர்கள் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? சுதா ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் உச்சந்தலையை முகர்ந்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

"ஒன்பது வீடு," என்றேன் மருத்துவரிடம்.

அவர் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா, பகூர் என்ற அரபு வாசனைப் புகை போடுகிறீர்களா என்று அடுத்த கேள்வி. புகையிலை இல்லை என்றேன். சுதா தமிழில் மெல்லச் சொன்னாள்: "சாம்பிராணி போடுதோம்லா. குளிப்பாட்டுனா போடாண்டாமா?" ஏசி ஓடும், ஜன்னல் திறக்காத ஃப்ளாட்டில், கூரையில் இருந்த, புகை வந்தால் அலறும் புகைமணிக்குப் பிளாஸ்டிக் குளியல் தொப்பியை மாட்டிவிட்டு அவள் தினமும் சாம்பிராணி போட்டதை நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். வைரஸ் புகையால் வருவதில்லை, ஆனால் வீங்கிய குழாய்க்குப் புகை ஆகாது என்று சொல்லி, தொப்பியைப் பற்றிப் பேசாமல் விட்டார்.

வார்டுக்குப் போக இன்சூரன்ஸ் கம்பெனியின் அனுமதி வர வேண்டும். கவுண்டரில் இருந்த ஹைதராபாத்காரர் "அப்ரூவல் ஆயேகா பாய், ஆயேகா", வந்துவிடும் வந்துவிடும் என்று கணினியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். குழந்தையின் அட்டை வந்து சில நாட்களே ஆகியிருந்ததால் அதன் எண் அங்கே எல்லாத் திரையிலும் ஏறவில்லை. மதியத்துக்குப் பிறகு ஏறியது. அதுவரை அவசரப் பிரிவில் சிகிச்சை எதையும் நிறுத்தவில்லை.

வார்டில் தனி அறை கொடுத்தார்கள். காரணம் வசதி அல்ல, தொற்று. கதவில் மஞ்சள் அட்டை தொங்கியது: உள்ளே வருபவர்கள் கை கழுவ வேண்டும், முகக்கவசமும் மேலங்கியும் போட வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் தங்கலாம். மற்ற குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அந்த வரிசையில் இருந்த அறைகள் எல்லாவற்றிலும் அதே மஞ்சள் அட்டை. குளிர்காலம் தொடங்கும்போது இப்படித்தான் என்றார் செவிலியர். அவர் பெயர் ஜெசிந்தா. தமிழ் கேட்டதும் சுதா அழுதுவிட்டாள்; காலையிலிருந்து அழாதவள்.

"எம்மா, அழாதுங்க. நான் குளச்சல் பக்கமாக்கும். இந்த சீசன்ல இங்க பாதிப் பிள்ளைகளும் இதுதான், கேட்டியளா? மூக்க உறிஞ்சும்போ மட்டும் நீங்க அங்கோட்டுப் பாருங்க. பிள்ள கத்தும். கத்தட்டும். கத்துனா நல்லதுதான்."

உப்புநீர்த் துளி விட்டு, மெல்லிய குழாயால் மூக்குச் சளியை உறிஞ்சி எடுப்பார்கள். கவின் முகம் சிவந்து கத்துவான். முடிந்ததும் திரையில் எண் இரண்டு புள்ளி ஏறும். அதைப் பார்த்த பிறகு சுதா அங்கோட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

அவளை வருத்தியது வேறு. மூச்சு அவ்வளவு வேகமாக இருக்கும்போது வாய்வழிப் பால் கொடுக்கக் கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடலாம். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் விட்டு அதில் பால் இறக்கினார்கள். சுதா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இயந்திரத்தால் பாலை எடுப்பாள். ஜெசிந்தா அதை ஊசியில்லாத சிரிஞ்சில் வாங்கிக் குழாயில் மெல்ல இறக்குவார். குழந்தை மூன்றடி தூரத்தில் வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு கிடக்கும்.

"கேக்கான் பாருங்க. என் பாலத்தான் குடிக்கான், ஆனா என்கிட்டக் குடிக்கல," என்றாள் ஒருமுறை.

இரவில் அவள் அறையில் இருந்தாள். நான் வீட்டில் மகிழோடு இருந்தேன். அவள் அனுப்பும் ஒற்றை வரிச் செய்திகள்தான் என்னுடைய இரவு. "93." "உறிஞ்சுனாங்க." "92." "தூங்குதான்."

தென்காசியிலிருந்து மாமனார் கூப்பிட்டார்.

"மாப்ள, ஊசி போட்டாங்களா?"

"இல்ல மாமா."

"குளுக்கோஸு?"

"இல்ல. மூக்கு வழியாப் பால் போகுது."

"நெஞ்சுக்குத் தைலம்?"

"தைலம் கூடாதுன்னுட்டாங்க."

"பெறவு என்னத்தய்யா செய்யுதானுவ அங்க?"

"பாத்துக்கிட்டு இருக்காங்க மாமா."

"பாக்கதுக்கு அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியா?" என்றார். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த நோய்க்கு நடந்த வைத்தியத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதற்குத்தான் ஆஸ்பத்திரி.

வார்டுக்கு வெளியே காத்திருந்தபோது எனக்கு வேறொரு வேலை கிடைத்தது. ஊரில் பத்து வருடம் நாளிதழில் வேலை செய்தவன்; ஒரு சம்பவம் என்றால் எங்கே தொடங்கியது என்று தேடுவது கைப்பழக்கம். ஒன்பது பேர் வந்த நாட்களையும், கவின் முதலில் தும்மிய நாளையும் வரிசைப்படுத்தினேன். இந்த வைரஸ் உள்ளே போய்ச் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். கணக்குப்படி இரண்டு மூன்று பேர் மேல் சந்தேகம் விழுந்தது. குழுவில் எழுதினேன்: "கவின் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். மூச்சுத் தொற்று. வீட்டுக்கு வந்தபோது யாருக்காவது சளி, இருமல் இருந்ததா? தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்."

நீல டிக் வரிசையாக விழுந்தது. யாரும் பதில் எழுதவில்லை.

அரை மணி கழித்து மாடசாமி எழுதினான். "எனக்கு இருந்துச்சு அண்ணே." மாடசாமி ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், கடையநல்லூர்ப் பையன். கவினை அதிக நேரம் வைத்திருந்தவன் அவன்தான். சுதா அவன் பெயரைத்தான் முதலிலேயே சொல்லியிருந்தாள். "மூக்கத் தொடச்சுக்கிட்டே இருந்தான், பாத்தேன். சொல்ல வாய் வரல."

எனக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த பத்து நிமிடத்தில் போன் அடங்கவில்லை. கருவாட்டுக்காரர் எழுதினார்: "எனக்கும் தொண்டை கட்டியிருந்தது தம்பி. மாடசாமியைச் சொல்ல வேண்டாம்." மூக்குக்கண்ணாடிக்காரர்: "என் மகள் இருமிக்கொண்டிருந்தாள். கூட்டி வந்திருக்கக் கூடாது." இன்னொருவர்: "எங்க ரூம்ல ஆறு பேருக்கும் சளி அண்ணாச்சி. நான்தான்." சாயங்காலத்துக்குள் ஒன்பதில் ஏழு பேர் தாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். எட்டாமவர் தனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அதை அழித்துவிட்டு, "லேசா இருந்திருக்கலாம்" என்று போட்டார்.

மருத்துவரிடம் இதைச் சொன்னபோது முதல் முறையாகச் சிரித்தார். இந்த மாதத்தில் இந்தச் சாலையில் போகிற யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும், உங்கள் மகளின் வகுப்பில் கேட்டுப் பாருங்கள் என்றார். மகிழின் வகுப்பில் அந்த வாரம் பாதிப்பேர் வரவில்லை என்று ஆசிரியை ஏற்கெனவே சொல்லியிருந்தார். என் விசாரணையை அத்துடன் விட்டேன்.

மருத்துவர் சொன்ன நாலாம் நாள் சொன்னபடியே வந்தது. மதியம் நான் மேலங்கி போட்டு உள்ளே போனபோது, கவினின் தலை ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஆமாம் ஆமாம் என்று யாருக்கோ தலையாட்டுவது போல. ஆக்ஸிஜன் ஓடியும் எண் தொண்ணூறில் நின்றது. அவனுக்கு அழவும் தெம்பில்லை. மூக்கை உறிஞ்சியபோது கத்தவில்லை.

"கத்த மாட்டேங்கானே," என்றாள் சுதா. ஜெசிந்தா மருத்துவரை அழைத்தார்.

மருத்துவர் வந்து அதே குரலில் சொன்னார். ஹை ஃப்ளோ என்ற கருவியில் போடப் போகிறோம். சூடாக்கி ஈரமாக்கிய காற்றையும் ஆக்ஸிஜனையும் கலந்து மூக்கில் வேகமாகச் செலுத்தும். அந்த வேகம் அடைத்த குழாய்களைத் திறந்து வைத்திருக்கும்; அவன் வேலையில் பாதியை அது செய்யும். இரண்டு மணி நேரத்தில் மூச்சின் வேகம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் தொண்டை வழியாகக் குழாய் விட்டு இயந்திரத்தில் போட வேண்டியிருக்கும். கைக்குழந்தைக்கான அந்தத் தீவிர சிகிச்சை இங்கே இல்லை. வேறு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் மாற்ற வேண்டும். அங்கே ஒரு படுக்கைக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன். இதில் கையெழுத்துப் போடுங்கள்.

"படுக்கைக்குச் சொல்லி வைக்கீங்கன்னா, மாத்தணும்னு முடிவாயிட்டா?" என்றாள் சுதா. நான் ஆங்கிலத்தில் கேட்டேன். இல்லை, குடை எடுத்துக்கொண்டு போவது போல என்றார்.

கருவியைப் பொருத்தும்போது ஒருவர் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். நான் கீழே இறங்கினேன். கார் நிறுத்துமிடத்தில் மாடசாமி கம்பெனி மேல்சட்டையோடு நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு சாப்பாட்டுப் பை. முகத்தில் கவசம். என்னைப் பார்த்ததும் நாலடி பின்னால் போனான்.

"கிட்ட வராதீங்க அண்ணே. நான் இங்கயே நிக்கேன். சாப்பாட்ட பானெட்டு மேல வைக்கேன், எடுத்துக்கோங்க."

"டூட்டி இல்லையா?"

"மாத்தி விட்டுட்டேன். எப்பிடிண்ணே இருக்கான்?"

சொன்னேன். இரண்டு மணி நேரம் என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னைக்கு நான் தூக்கியிருக்கக் கூடாதுண்ணே. சளி இருக்குன்னு தெரியும். அடுத்த மாசம் லீவு. என் மக பொறந்து நாலு மாசம் ஆச்சு, இன்னும் கையில வாங்கல. சின்னப் புள்ளய எப்பிடித் தூக்கணும்னே தெரியாதுண்ணே எனக்கு. அதான், போறதுக்கு முந்தி ஒரு பழக்கத்துக்குத் தூக்கிப் பாத்தேன். கழுத்து நிக்கல. பயமா இருந்துச்சு. அப்புறம் குடுக்க மனசு வரல."

ஏழு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், நீ வரிசையில் நில்லு என்றேன். சிரித்தான், சிரித்ததில் இருமல் வந்தது, திரும்பிக்கொண்டு முழங்கையில் இருமினான். பையில் தயிர்ச் சாதமும் உருளைக்கிழங்கும் இருந்தன. சுதாவுக்கு என்று தனியாக ஒரு டப்பாவில் பூண்டுக் குழம்பு. பால் ஊறுவதற்கு என்று அவனுடைய மனைவி ஊரிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, அறையில் அவனே வைத்தது.

நான் மேலே போனபோது கவினின் மூக்கில் கன்னத்தோடு ஒட்டிய தடித்த குழாய்கள் இருந்தன. கருவி சீறிக்கொண்டிருந்தது. சுதா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அங்கேயே பார்த்தேன். வெளியே தாழ்வாரத்தில் யாரோ ஒரு தாத்தா அரபியில் பேரனுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தார். ஜெசிந்தா வந்து பார்த்தார், எழுதினார், போனார். மறுபடி வந்து பார்த்தார். மூன்றாவது முறை வந்தபோது குனிந்து, ஒரு விரலால் அவன் கழுத்துக்குக் கீழே தொட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"குறையுது," என்றார்.

"சும்மா சொல்லாதீங்க சிஸ்டர்."

"நான் எதுக்கு சும்மா சொல்லணும்? நீங்களே பாருங்க. தல ஆடலல்லா?"

தலை ஆடவில்லை. அது எப்போது நின்றது என்று நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மருத்துவர் வந்து, தன் வழக்கப்படி கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு முழு நிமிடம் வயிற்றைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அந்தப் படுக்கை வேண்டாம் என்று சொன்னார். யாருக்காவது தேவைப்படும், விட்டுவிடுவோம் என்றார் எங்களிடம்.

அடுத்த நாட்களில் சொல்வதற்கு அதிகம் இல்லை. காற்றின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் எண் கொஞ்சம் இறங்கி, யோசித்து, ஏறியது. தடித்த குழாய் போய் மெல்லிய குழாய் வந்தது. ஒரு காலை மூக்கை உறிஞ்சியபோது பக்கத்து அறைக்கே கேட்கும்படி கத்தினான். ஜெசிந்தா "வந்துட்டாரு துரை" என்றார். இந்தத் தொற்றுக்குக் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும், பிறந்த குழந்தைக்கு ஓர் ஊசியும் இப்போது வந்திருக்கின்றன என்று மருத்துவர் சொன்னார். எங்களுக்குத் தெரியாது. எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். இதை எழுத அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், கழுத்துக் குழியும் காய்ந்த டயப்பரும். சளிதானே என்று இன்னும் அரை நாள் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவரிடம் நான் கேட்கவில்லை.

பால் கொடுக்கலாம் என்று சொன்ன அன்று சுதா பதறிவிட்டாள். இத்தனை நாள் குழாயில் குடித்தவன் மறந்திருப்பான் என்றாள். மறக்கவில்லை. இரண்டு வாய் இழுத்தான், மூச்சு வாங்கினான், விட்டுவிட்டான். அவ்வளவுதான் முதல் நாள். அடுத்த முறை கொஞ்சம் கூட. ஆக்ஸிஜன் இல்லாமல் எண் நிற்க வேண்டும், தேவையான பாலில் பாதிக்கு மேல் அவனே குடிக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் வீடு என்றார்கள். முதலாவது நடந்தது. இரண்டாவதற்காக இன்னும் ஒரு நாள் இருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சுதா செய்த முதல் வேலை, நாற்காலியில் ஏறிப் புகைமணியின் தொப்பியைக் கழற்றியது. இரண்டாவது, குழுவில் ஒரு குரல் செய்தி. "எல்லாரும் கேட்டுக்கோங்க. புள்ள வந்துட்டான். பாக்க வாரவங்க வரலாம். கதவுக்கு இந்தப்பக்கம் யாரும் வரப்படாது. டீ உண்டு. வெளியதான்."

வந்தார்கள். எங்கள் மாடித் தாழ்வாரத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் முகக்கவசத்தோடு வரிசையாக நின்று டீ குடித்தார்கள். கதவுக்கு உள்ளேயிருந்து சுதா வீடியோ அழைப்பில் கவினைக் காட்டினாள். பத்தடி தூரத்தில் இருக்கும் குழந்தையை அவர்கள் போனில் பார்த்து "ஏலே, மெலிஞ்சுட்டானே" என்றார்கள். லிஃப்டிலிருந்து இறங்கிய பாகிஸ்தானிக் குடும்பம் ஒன்று துக்க வீடு என்று நினைத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டது. மகிழ் ஓடிப்போய் அவர்களுக்கும் ஒரு டீ கொடுத்தாள்.

குழுவில் இப்போது ஒரு விதி இருக்கிறது. போட்டவர் மாடசாமி. கைக்குழந்தையோடு வருபவர் பெட்டியில் பார்சல் கொடுக்கக் கூடாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒரே ஓர் ஆள் கட்டிட வாசலில் எல்லாவற்றையும் வாங்கி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த ஓர் ஆளாக இருக்க அவனே ஒத்துக்கொண்டான். லீவுக்குக் கிளம்பிய அன்று, சளி நின்று பத்து நாள் ஆகிவிட்டது, மகளைத் தூக்கலாமா என்று என்னைக் கேட்டான். கையைக் கழுவிவிட்டுத் தூக்கு, கழுத்துக்குக் கீழே உள்ளங்கையைக் கொடு என்று சுதா பின்னாலிருந்து கத்தினாள்.

இருமல் சில வாரம் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கவின் இன்னும் இருமுகிறான். இருமி முடித்துவிட்டு மறுபடி பால் குடிக்கிறான்.